கட்டைவிரல் தேய்ந்தவன்

போன வாரம் பழங்காநத்தத்தில் காய்கறி வாங்கப் போன இடத்தில் அவனைப் பார்த்தேன். ஒரு ஜூஸ் கடையின் முன்னால் நின்று, பலகையைச் சுற்றி அடித்திருந்த தகரத்தின் ஓரத்தில் வலது கட்டைவிரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் விரல் தடுக்கியது. நின்றான். விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டு அதே இடத்தில் திரும்பவும் தேய்த்தான். நான் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் தயிர்ச்சோறும் ஊறுகாயும்தான்.

அவன் பெயரை எழுதப்போவதில்லை. பெயரை மாற்றிக்கொள்ளலாம், பட்டறைப் பலகையை மாற்றிக்கொள்ளலாம், ஊரையே மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கட்டைவிரலை மாற்ற முடியாது. யாராவது எங்கேயாவது அதைப் பார்த்தால் அடையாளம் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலில் நானும் மரியாதையாக ‘அவர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாயில் வரவில்லை.

அந்த விரலில் ரேகை கிடையாது. பல வருடங்களாக அலுமினியத்தின் மேல் தேய்த்துத் தேய்த்து, ஓடு உரித்த அவித்த முட்டை மாதிரி ஆகியிருந்தது. நகத்தைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோடு. அதை அவன் எல்லாருக்கும் காட்டுவான். எனக்கும் முதல் நாளே முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினான்.

“ரேஷன் கடையில வெரலை வச்சா மிஷின் ஏத்துக்க மாட்டேங்குது டீச்சர். நீ ஆளே இல்லைங்குது. என்னைய மாதிரி நாலு பேரு இருந்தா கவர்மெண்டு கம்ப்யூட்டரே கொழம்பிப்போயிரும்.”

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். விரல் ஈரமாக இருந்தது.

பட்டறை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், லாட்ஜுகளும் பார்சல் ஆபீஸ்களும் தாண்டி ஒரு சந்தில் இருந்தது. நாங்கள் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருந்தோம். அது மேட்டில் ஏற மூச்சு வாங்குகிறது என்று என் கணவருடன் வேலை பார்ப்பவர் ஒருவர் இவனிடம் அனுப்பினார். மற்ற மெக்கானிக்குகள் எண்ணெய் மாற்றுவார்கள், பெல்ட் மாற்றுவார்கள். இவன் காற்றுக்கு வழி செய்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

இன்ஜினுக்குள் போகிற காற்று முதலில் ஒரு அலுமினியப் பெட்டியில் வந்து நிறைகிறது. அங்கிருந்து நான்கு குழாய்களாகப் பிரிந்து உள்ளே போகிறது. அந்தப் பெட்டிக்கு பிளீனம் என்று பெயர் என்பதைப் பிறகு என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவன் அதைக் காத்துப்பெட்டி என்பான். அச்சில் ஊற்றி எடுத்த அலுமினியம் என்பதால் அதன் உட்பக்கம் சொரசொரப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். குழாய்கள் சேருகிற இடங்களில் விளிம்புகள் துருத்திக்கொண்டிருக்கும். கையில் பிடிக்கிற சின்ன கிரைண்டராலும் உப்புத்தாளாலும் அதையெல்லாம் கரைத்து எடுப்பதுதான் அவன் வேலை. காற்று தடையில்லாமல் போனால் வண்டி நன்றாக இழுக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வேலை அவனுக்குத் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன்.

“காத்து நம்ம வீட்டுக்கு வர்ற சம்பந்தி மாதிரி டீச்சர்,” என்றான். “வாசல்ல கல்லு கெடந்து கால் தடுக்குச்சுன்னு வைங்க, அதோட மூஞ்சி மாறிரும். உள்ள வந்து ஒழுங்கா உக்காராது, சாப்பிடாது. கம்பெனிக்காரன் வாசலைக் கூட்டாமயே சம்பந்தியக் கூப்புடுறான். நான் கூட்டிப் பெருக்கி விடுறேன், அம்புட்டுத்தான்.”

சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஒரு பெட்டியின் வாய்க்குள் விட்டுச் சுற்றினான். வெளியே எடுத்தபோது விரலில் சாம்பல் நிறத்தில் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தான். திரும்பவும் நாக்கில் தொட்டான். அதே நாக்கில், அதே விரலால். பிறகு டீக்கடைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தக் கையாலேயே ஒரு வடையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“சாப்பிடுங்க டீச்சர், சூடா இருக்கு.”

“எனக்கு வயிறு சரியில்லை” என்றேன். அது உண்மைதான். அப்போதுதான் சரியில்லாமல் போயிருந்தது.

அவன் கெட்டவன் மாதிரி இருக்கவே மாட்டான். இதை எழுதும்போது அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து அவன் எதையும் செய்ததாக எனக்குத் தெரியாது. அவனால் ஒன்றே ஒன்றுதான் முடியாது. எங்கேயாவது ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அதை அப்படியே விட முடியாது. பேச்சிலும் அப்படித்தான்.

ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து விட எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகச் சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டிருந்தோம். கொத்தனார் அதில் குச்சியால் குறுக்கே குறுக்கே கோடு கிழித்து விட்டிருந்தார். இவன் காபியைக் குடித்துக்கொண்டே அந்தக் கோடுகளையே பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான். குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் தடவினான்.

“என்ன டீச்சர் இது, கோழி சீச்ச மாதிரி?”

“அது அப்படித்தான் இருக்கணும். விடுங்க.”

“உங்களுக்கு எதுக்கு சிரமம்? அஞ்சு நிமிஷம்.”

நான் உள்ளே அடுப்பை அணைக்கப் போய்த் திரும்புவதற்குள் கிரைண்டர் சத்தம் கேட்டது. என் கணவர் பக்கத்தில் நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சாய்தளம் கல்யாண மண்டபத் தரை மாதிரி மின்னியது. காசு எதுவும் வாங்கவில்லை. எங்கள் மேல் உள்ள பிரியத்தில் செய்தானாம்.

அடுத்த மழைக்கு நான் அதில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் அடி. பள்ளிக்கு லீவு போட்டுப் படுத்திருந்தபோது அவன் பார்க்க வந்தான். வாசலில் நின்று, என் செருப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

“செருப்பு தேஞ்சுபோச்சு டீச்சர். அதான். வேற வாங்கிருங்க.”

என் கணவர், “ஆமா, நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன், புதுசு வாங்கு வாங்குன்னு” என்றார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அவன் பக்கத்தில் நின்றால் மற்றவர்களும் அப்படி ஆகிவிடுவார்கள். நடந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேறொன்றாகிவிடும். கடைசியில் நானே செருப்பைக் குறை சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன்.

இன்னொரு நாள் பட்டறையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு டாக்ஸிக்காரர் சண்டைக்கு வந்தார். பெரிய மீசை, காக்கிச் சட்டை. வரும்போதே சத்தம்.

“என்னய்யா வேல பாத்திருக்க? சிக்னல்ல நின்னா வண்டி கெடந்து ஆடுது. பின்னாடி உக்காந்திருந்த அம்மா, பேய் புடிச்ச வண்டியான்னு கேக்குது.”

வேறு யாராக இருந்தாலும் பானெட்டைத் திறந்து பார்த்திருப்பார்கள். இவன் டாக்ஸிக்காரரின் தோளில் கையைப் போட்டான்.

“அண்ணே, இத்தன நாளு மூக்கடைச்சுக் கெடந்த வண்டிண்ணே. இப்பத்தான் மொத மொத நல்லா மூச்சு விடுது. பச்சப்புள்ள மாதிரி. கொஞ்சம் உதறத்தானே செய்யும்? மேட்டுல எப்பிடி ஏறுது, அதைச் சொல்லுங்க.”

“மேட்டுல நல்லாத்தான் ஏறுது.”

“பெறகென்ன! டேய், அண்ணனுக்கு ஒரு டீ சொல்லு.”

பட்டறையில் அவனைத் தவிர வேறு ஆளே கிடையாது. யாரிடம் டீ சொன்னான் என்று தெரியவில்லை. டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டார். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு தினமும் காலையில் வண்டியை அந்தச் சந்தில் நிறுத்திவிட்டு அங்கேதான் பேப்பர் படிப்பார். வண்டி சிக்னலில் ஆடியதற்குக் காரணம் என்ன என்று கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கேள்வி நீட்டிக்கொண்டிருந்தது. அதை அவன் தேய்த்து எடுத்துவிட்டான்.

என் மகளுக்கும் அவனைப் பிடிக்கும். அவள் வாடிப்பட்டியைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கார் அவளிடம்தான் இருந்தது. தினமும் திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் போய்வருவாள். அவள் வண்டியை எடுத்ததிலிருந்து திரும்பி வாசலில் ஹாரன் அடிக்கும்வரை எனக்கு வகுப்பில் கணக்கு ஓடாது. கரும்பலகையில் பாதியில் நின்றுவிடுவேன். பிள்ளைகளே, “மிஸ், அக்கா போயிருப்பாங்க மிஸ்” என்பார்கள்.

காற்றுப்பெட்டியைச் சுத்தமாகத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி அவளே கேட்டாள். பிறந்தநாளுக்கு நகை வேண்டாம், இது போதும் என்றாள். வேலை முடிந்ததும் மாட்டுவதற்கு முன்னால் வந்து பார்க்கச் சொன்னான். மூன்று பேரும் போனோம்.

பெட்டியின் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினான். ஸ்டீல் பாத்திரக் கடை மாதிரி இருந்தது. பிறகு அதன் வாயில் பொருத்துகிற இன்னொரு பாகத்தை எடுத்தான். ஒரு சின்ன உருளை. அதன் நடுவில் ஒரு கம்பி. அந்தக் கம்பியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போல இரண்டு மடங்கு அகலத்தில் ஒரு வட்டத் தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்தத் தகடு திரும்பி வழிவிடும். காற்று உள்ளே போகும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். அந்தத் தகட்டைக் கம்பியோடு பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு சின்ன திருகாணிகள்.

“இங்க பாருங்க, கம்பெனிக்காரன் சோம்பேறித்தனத்த,” என்றான். “ஸ்க்ரூவை அந்தப் பக்கம் நீட்டமா விட்டு, முனைய அடிச்சு நசுக்கி வேற வச்சிருக்கான். வாசல்லயே ரெண்டு மொளை! சம்பந்தி வேட்டி கிழிஞ்சுபோகாது? அறுத்துட்டேன். தொட்டுப் பாருங்க.”

மகள் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் சின்னதாக ஒரு யோசனை.

“அண்ணே, அதை நசுக்கி வச்சிருக்கிறது கழண்டு வராம இருக்கத்தானே? இன்ஜின் அதிர்ச்சியில சுத்திக்கிட்டு வெளிய வந்துறாம?”

“கழண்டு விழ இது என்ன காதுத் தோடா பாப்பா?” என்றான். “பசை போட்டிருக்கேன். நீயே நெனச்சாலும் கழட்ட முடியாது. காலேஜுல புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவான். நாம பாக்காததா?”

என் கணவர் சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவன் எல்லாருக்கும் முன்னால் விரலை நாக்கில் தொட்டு அந்தத் தகட்டை ஒருமுறை தடவினான். எச்சில் கோடு மினுமினுத்தது. அதை அப்படியே கொண்டுபோய் மாட்டினான்.

வண்டி நன்றாகத்தான் போனது. “அம்மா, மிதிச்சா பறக்குதும்மா” என்பாள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது.

அது நடந்த அன்றைக்கு நான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் தெரியாத ஒரு பெண்ணின் குரல். சுற்றிலும் பெண்கள் பேசுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம்.

“தாயி, இது உன் மகளா? உசுரு இருக்கு. பதறாத. உசுரு இருக்கு தாயி.”

இன்றைக்கும் சில நேரம் குழாயைத் திறந்து தண்ணீர் விழும்போது எனக்கு அந்தக் குரல் கேட்கும். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைகள்தான். ஆனால் ‘உசுரு இருக்கு’ என்று ஒருவர் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

நடந்ததை மகள் பிறகு சொன்னாள். வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரியைத் தாண்டுவதற்காக மிதித்திருக்கிறாள். தாண்டி முடித்துக் காலை எடுத்தாள். வண்டி வேகம் குறையவில்லை. காலை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டு போனது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பின்பக்கம் முழுக்க ஆட்கள் கால் தொங்கவிட்டுக்கொண்டு. பிரேக்கை மிதித்தாள். இரண்டு முறை பிடித்தது. அதற்கப்புறம் கல்லை மிதிப்பது போல ஆகிவிட்டது. காற்று வழி முழுக்கத் திறந்து கிடந்தால் பிரேக்குக்குப் பின்பலம் கிடைக்காதாம். ஆட்டோவில் மோதாமல் இடதுபக்கம் ஒடித்தாள். வண்டி சரிவில் இறங்கி, வயலுக்குள் பாய்ந்து, ஒரு பம்புசெட் அறையின் சுவரில் போய் முட்டியது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் ஓடிவந்து கதவைப் பிடுங்கி அவளை வெளியே எடுத்தார்கள். வலது கை மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தன. தாடையில் ஆழமான கிழிசல். அவளை வெளியே எடுத்த பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்ததாம். ஒரு பெண் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருகி அணைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் கேட்டது தண்ணீர் இல்லை.

“அப்பா, வண்டி எங்க இருக்கு? காத்துக்குழாயக் கழட்டி அந்தத் தகட்டைப் பாருங்க.”

வாடிப்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வண்டி கிடந்த வயலுக்கே கூட்டிப்போய் என் கணவர் கழற்றிப் பார்த்தார். தகடு ஒரே திருகாணியில் கோணலாகத் தொங்கி, குழாயின் சுவரில் குத்திக்கொண்டு நின்றது. இன்னொரு திருகாணி இல்லை. அதை இன்ஜின் விழுங்கியிருந்தது. என் கணவர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். அவர் தகட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்து வந்தார். அப்படியே என் கையில் கொடுத்தார்.

மறுநாள் அவன் வந்தான். ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி வந்திருந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அழுதான் என்றே சொல்லலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் மாவுக்கட்டின் மேல் கையை வைத்தான். கட்டைவிரல் தானாக நகர ஆரம்பித்தது. முழங்கைப் பக்கம் கட்டு முடிகிற விளிம்பில் ஒரு பிசிறு இருந்தது. விரல் அங்கே நின்றது.

“இந்த ஓரம் குத்துதா பாப்பா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு உப்புத்தாள் துண்டை எடுத்தான். அதை மடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில், எலும்பு முறிந்து கிடக்கிற என் பெண்ணின் கையில் தேய்க்க ஆரம்பித்தான். வெள்ளைப் பொடி போர்வையில் உதிர்ந்தது.

“கைய எடுங்க” என்றேன்.

எடுத்தான். விரலில் ஒட்டிய மாவைப் பார்த்தான். நாக்கில் வைத்துவிடுவானோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“ஒண்ணுமில்ல டீச்சர். வண்டிய நம்ம பட்டறைக்கே கொண்டாந்திருங்க. பழையபடி வழவழன்னு ஆக்கிருவோம். யாராவது வந்து எப்பிடி ஆச்சுன்னு கேட்டா நாய் குறுக்க வந்துருச்சுன்னு சொல்லிக்கிருவோம். அம்புட்டுத்தான். எதுக்குப் பெருசு பண்ணிக்கிட்டு? பாப்பா பேரும் கெடாது.”

“எம் பேரு ஏண்ணே கெடணும்?” என்றாள் மகள். தையல் போட்ட தாடையோடு அவள் பேசுவது மெதுவாகத்தான் வந்தது. “நாய் வரலண்ணே. ஸ்க்ரூ கழண்டுச்சு. இந்த மாதிரி இன்னும் எத்தன வண்டிக்கு முனைய அறுத்தீங்க?”

“அதெல்லாம் நல்லா ஓடுது பாப்பா.”

“எத்தனண்ணே?”

“நம்ம கஸ்டமருங்கதான். எல்லாம் நம்ம புள்ளைக மாதிரி. நீ ரெஸ்ட் எடு. வாரேன் டீச்சர்.”

அவன் போய்விட்டான். என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “பாவம், அவனும் வேணும்னா செஞ்சான்?” என்றார். பிறகு, “நாய்னே சொல்லிட்டா பிரச்சனை இல்லாம முடிஞ்சுரும்ல?” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். “அம்மா, அந்த டாக்ஸியெல்லாம் ஆளுகளை ஏத்திக்கிட்டு ஓடிட்டிருக்கும்மா. இன்னைக்கும்.”

நான் செருப்பை மாட்டினேன்.

ஆரப்பாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கி அந்தச் சந்துக்குள் நடந்தேன். நான் யாரிடமும் சண்டை போட்டுப் பழக்கமில்லாதவள். பட்டறை வாசலில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மீசைக்கார டாக்ஸிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவன் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தான்.

“வாங்க டீச்சர்! டேய், டீச்சருக்கு ஒரு சேர் போடு” என்றான், இல்லாத ஆளிடம்.

பையைத் திறந்து தகட்டை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன். வண்டி எப்படி நிற்காமல் ஓடியது, பிரேக் எப்படிக் கல்லானது, தகடு எப்படி இருந்தது எல்லாம் சொன்னேன். அவன் இடையில் புகுந்தான்.

“டீச்சர் பயத்துல இருக்காங்க. பெத்த மனசு. பாப்பாவுக்கு ஒண்ணுமில்லண்ணே, நான் இப்பத்தான் பாத்துட்டு வாரேன். வழியில நாய்…”

“நாய் இல்லை” என்றேன்.

“எங்க, குடுங்க பாப்போம்” என்று தகட்டை என் கையிலிருந்து வாங்கினான்.

வாங்கியவன் பேசிக்கொண்டேதான் இருந்தான். வண்டியைப் பராமரிக்கிற விதம், சின்னப் பிள்ளைகள் மிதிக்கிற வேகம், நான்குவழிச் சாலையின் லட்சணம். ஒவ்வொருவராகத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் இரண்டு நிமிடத்தில் நானே என் மகளைக் குறை சொல்லிக்கொண்டு பேருந்து ஏறிவிடுவேன். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் தகட்டின் மேல் போய்க்கொண்டிருந்தது. திருகாணி கழன்று போன ஓட்டையின் விளிம்பு கிழிந்து, முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது. விரல் அங்கே தடுக்கியது. நாக்குக்குப் போனது. திரும்பி வந்தது. இன்னொரு கை சட்டைப் பைக்குள் போய் உப்புத்தாளை எடுத்தது. வாய் ரோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கை அந்தக் கிழிசலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

டாக்ஸிக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார்.

“என்னடா பண்ற?”

“என்னண்ணே?”

“கையில என்னடா பண்ற?”

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். தான் செய்துகொண்டிருந்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் முகத்தில் கள்ளம் இல்லை. தூக்கத்தில் நடக்கிறவனைத் தட்டி எழுப்பினால் பார்ப்பானே, அந்தப் பார்வை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

“அந்தப் புள்ள உசுரு போக இருந்த எடம்டா அது. அதைப் போயி தேய்க்கிற?” என்றார் டாக்ஸிக்காரர். “எந்திரி. என் வண்டியத் தொற.”

“அண்ணே, உங்க வண்டி நல்லாத்தான…”

“தொறடாங்குறேன்.”

அவன் திறக்கவில்லை. டாக்ஸிக்காரரே பானெட்டைத் தூக்கி, ரப்பர்க் குழாயைக் கழற்றினார். உள்ளே தகடு தெரிந்தது. ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, திருகாணியின் தலையில் சும்மா வைத்தார். அழுத்தக்கூட இல்லை. அது சுற்றியது. இட்லி மாவில் கரண்டி சுற்றுகிற மாதிரி சுற்றியது. பேருந்து நிலையத்தில் ‘சோழவந்தான், வாடிப்பட்டி’ என்று கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அதைத்தாண்ணே நானே இன்னைக்கு டைட் வைக்கலாம்னு நெனச்சிருந்தேன்” என்றான் அவன்.

டாக்ஸிக்காரர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்தார். “மாப்ள, எங்க இருக்க? வண்டிய ஓரங்கட்டு. காரணம் பெறகு சொல்றேன். சவாரி இருந்தா எறக்கி வேற வண்டியில ஏத்திவிடு. நீ ஓட்டாத. ஏய், சிரிக்காத, ஓரங்கட்டுடா!” அடுத்த எண். அதற்கடுத்த எண். அங்கிருந்த மற்றவர்களும் தங்களுக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ‘ஓரங்கட்டு, ஓரங்கட்டு’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் கையிலிருந்து தகட்டை வாங்கினேன். ஈரமாக இருந்தது. முந்தானையால் துடைத்தேன். வீட்டுக்கு வந்து கையை எத்தனை தடவை கழுவியும் போதவில்லை.

பட்டறை அந்த வாரமே பூட்டிக்கிடந்தது. ஊரை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். போன வாரம் ஜூஸ் கடை வாசலில் அவனைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. இவன் இங்கேதான் இருக்கிறான், விரல் இன்னும் தடவிக்கொண்டுதான் இருக்கிறது என்கிற குமட்டல். எந்தச் சந்தில், என்ன பலகையோடு, யார் வண்டியை இப்போது திறந்து வைத்திருக்கிறானோ.

எங்கள் கார் பல மாதங்கள் வாசலில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. நான் விற்றுவிடச் சொன்னேன். மகள் கேட்கவில்லை. கைக்கட்டு பிரித்து, விரல்கள் பழையபடி மடங்க ஆரம்பித்த பிறகு, முட்டிய முன்பக்கத்தையும் இன்ஜினையும் வேறு ஆளை வைத்துச் சரிசெய்தாள்; தகடு இருக்கிற அந்த உருளையை மட்டும் கம்பெனியிலிருந்தே புதிதாக வரவழைத்தாள். மாட்டுகிற நாளில் என்னையும் கூப்பிட்டாள். நான் வாசலுக்கு வந்தேன். சாய்தளத்தில் புதிதாகக் கிழித்த கோடுகள் காலில் உறுத்தின.

அவள் உருளையைத் திருப்பி, தகட்டின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினாள். தாடையில் அந்தத் தழும்பு வெயிலில் தெரிந்தது.

“கைய வச்சுப் பாரும்மா.”

எனக்குத் தொடப் பிடிக்கவில்லை. அவள் விடவில்லை. சுட்டுவிரலை நீட்டினேன். இரண்டு திருகாணிகள். இரண்டின் முனையும் அடித்து நசுக்கப்பட்டு, கரடுமுரடாக நீட்டிக்கொண்டிருந்தன.

“குத்துதா?”

“குத்துது.”

“நல்லாப் பாரு. ரெண்டும்?”

“ரெண்டும் குத்துதுடி.”

“அப்பச் சரி” என்றாள். மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். “ஏறு.”

ஏறினேன்.